மழையை அழைத்தவர் யார்?

தாங்கள் பதிகம் பாடுவதால்தான் மழை பொழிகிறது என்று அந்தக் கோயில் குளத்துத் தவளைகள் திடமாக நம்பின. அவ்வாண்டு ஐப்பசி பிறந்தும் ஒரு துளி விழவில்லை. குளம் சேறாகிக்கொண்டிருந்தது. பதிகத்தைக் கெடுத்தவர் யார் என்று ஒரே கூச்சல்! பிறவி ஊமையான மௌனி என்னும் சிறு தவளையின்மேல் எல்லாக் கண்களும் பாய்ந்தன.

"வாய் திறவாமல் உள்ளுக்குள்ளேயே மந்திரம் ஓதுகிறாள், சூனியக்காரி! கரையில் தள்ளுங்கள்!" என்று முழங்கினார் தலைவர்.

கரையில் கொக்கு ஒற்றைக் காலில் காத்திருந்தது.

"தள்ளு! தள்ளு!" குளமே அதிர்ந்தது. கூவாதவரும் அவளுக்குக் கூட்டு என்று தலைவர் அறிவித்திருந்தார்; ஆகவே அனைவரும் தொண்டை கிழியக் கூவினர். மௌனி படியில் ஏறினாள்.

"நில்லம்மா!" பதிகத்துக்கு முதலடி எடுத்துக் கொடுக்கும் ஓதுவார்த் தவளை குறுக்கே பாய்ந்தார்.

"ஓதுவாரே, கொக்குக்கு விருந்தாக உமக்கும் ஆசையா?" என்று ஒருவன் சிரித்தான்.

ஓதுவாரின் குரல் தளரவில்லை. "போன ஆண்டுப் பெருமழையன்று நான் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்தேன், ஐயா! முதுகில் துளி விழுந்த பிறகே எழுந்து பாடினேன். மழையை அழைத்தவன் என்று நீங்கள் சூட்டிய அல்லிமாலையையும் வெட்கமின்றி ஏற்றேன். தள்ளுவதானால் என்னை முதலில் தள்ளுங்கள்!"

தலைவரின் விழிகள் பிதுங்கின. "அப்படியானால் மழைக்கு முன்பே பாடியவர் யார்? முன்னே வரட்டும்!"

ஒருவரும் அசையவில்லை.

"தாங்களாவது பாடினீர்களா, தலைவரே?" என்றார் ஓதுவார்.

தலைவர் மெல்லச் சேற்றுக்குள் அமிழ்ந்தார். குளம் முழுவதும் வாயடைத்து நிற்க, மௌனி படியிறங்கி வந்து தன் இடத்தில் அமர்ந்தாள்.