ஆதாரம் தேவை

உலகத்தோர் அனைவரும் எழுந்து நிற்கவும். போர்ட் கேரிக் ஊர்க் கலைக்களஞ்சியம் என்னும் மாபெரும் இணையதளத்தின் மூத்த திருத்துநர் 'நேர்கோடு' அவர்கள், இன்று காலை ஒரு காற்புள்ளியை நாடு கடத்தினார்.

நேர்கோடு என்பது புனைபெயர். ஒரு பெண் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் சரி சொல்லாமல் எந்தக் கட்டுரையும் தளத்தில் ஏறாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அடிலெய்டிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியர் ரோரிக்கு அது நன்றாகவே தெரியும். பதினோரு வருடங்களுக்கு முன் முழுகிய 'மார்கரெட் ஆன்' என்ற சூரைமீன் படகைப் பற்றிய அவரது வரைவு, ஆறாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் நினைவுக் கூட்டம். அதற்குள் கட்டுரை வெளியாகிவிடும் என்று இறந்தவர்களின் வீடுகளில் வாக்குக் கொடுத்திருந்தார்.

கருத்துரைகள் வரிசையாக நின்றன. 'கொடூரமான கடல்: கடலுக்குக் குணம் கிடையாது, நீக்கவும். வீரமரணம்: மீன் பிடிக்கப் போனார்கள், போருக்கு அல்ல. சுக்கான் அறைக் கதவு பச்சை அல்ல, மஞ்சள்.'

ரோரி பொறுமையிழந்து, தளத்தின் வழியாகவே அவரை அழைத்தார்.

"கதவு மஞ்சள்னு உங்களுக்கு யாரு மேடம் சொன்னது? பத்திரிகையில வந்த ஒரே படம் கறுப்பு வெள்ளை!"

"பெயிண்ட் அடிச்சவனே சொன்னான்."

"சரி, மஞ்சள். வேற?"

"கடைசி வரி. 'ஐவரும் மாண்டனர்'னு போட்டிருக்க. ஆதாரம் எங்கே?"

"படகே முழுகிப்போச்சு. இன்னும் என்ன ஆதாரம்?"

"கரைக்கு வந்தது நாலு உடல். விசாரணை அறிக்கையில அஞ்சாவது ஆளுக்கு 'காணவில்லை'ன்னுதான் இருக்கு. அதையே எழுது தம்பி."

"பதினோரு வருஷம் ஆச்சு! அந்தக் குளிர்ல ஒரு ராத்திரி தாங்குமா? இப்ப எங்க இருப்பான்? நியூசிலாந்துல ஆடு மேய்க்கிறானா?"

மறுமுனையில் கெட்டில் கொதித்துத் தானாக அணைந்த சத்தம் கேட்டது. யாரும் எழுந்து போய் அதை எடுத்ததாகத் தெரியவில்லை.

"மேய்க்கலாம். மேய்க்கலேங்கிறதுக்கு ஆதாரம் காட்டு, போடறேன்."

ரோரிக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாலு வீட்லயும் படிச்சுக் காட்டினேன். அழுதுக்கிட்டே சரின்னாங்க. அஞ்சாவது வீட்டுக்கு மூணு கடிதம் போட்டேன், பதிலே இல்ல. அவங்களுக்கே அக்கறை இல்லாதப்ப, உங்களுக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு? நிர்வாகக் குழுகிட்ட புகார் பண்ணத்தான் போறேன்."

"பண்ணு. நியாயம்தான்." அந்தக் குரலில் முதல் முறையாக அதிகாரம் இல்லை. "நம்ம விதிப்படி நான் இந்தக் கட்டுரையைத் தொட்டிருக்கவே கூடாது."

"ஏன்?"

"பெத்தவ திருத்தக் கூடாதுன்னு விதி இருக்கு."