ஒன்பது மடங்கு

“ஒம்பது மடங்கு மச்சான், ஒம்பது மடங்கு! அத உட்டுப்போட்டு இவன் நிந்தவூர்ல குந்துவானா? மூணு மாசத்துல பறந்திருவான், பாத்துக்கொண்டிரிங்க!”

முபீன் போட்ட சத்தத்தில் பின்வளவில் படுத்திருந்த ஆடு எழும்பி நின்றது. பள்ளிக்கூடத்தில் பொருளியல் படிப்பிக்கிறவன் அவன். ஸம்றாவின் தாய்மாமன் என்பதால் அவளுடைய கலியாணப் பேச்சில் வாய் திறக்க உரிமை இருந்தது. திறந்த வாயைத்தான் அவன் இன்னும் மூடவில்லை.

ஸம்றாவின் வாப்பா கச்சிமுகம்மது, அவளைப் பெண் கேட்டு வந்திருந்த இப்றாஹிமைப் பார்த்தார். மகன் றிபாஸுடன் கொரியாவில் ஒரே தொழிற்சாலையில் ஆறு வருசம் வேலை செய்தவன். றிபாஸோடும் இந்தப் பக்கத்துப் பொடியன்களோடும் ஒரே அறையில் உண்டு, உறங்கி, தொழுதவன். ஊருக்கு வந்து ஒரு மாதமாகிறது. இனித் திரும்பிப் போகமாட்டேன் என்கிறான். மீன் ஆணத்தின் உறைப்பில் கண்ணும் மூக்கும் வழிய, இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தான்.

இவன் சொல்லை நம்பலாமா? கச்சிமுகம்மதுக்கு அந்த ஒரு கேள்விதான். சவூதியில் கல்லும் சீமெந்தும் சுமந்த காலத்தில் ஸம்றா தவழ்ந்ததையும் அவர் பார்க்கவில்லை, நடந்ததையும் பார்க்கவில்லை. போனில் குடும்பம் நடத்துகிற வாழ்க்கை மகளுக்கும் வேண்டாம். ஊர் வழக்கப்படி அவளுக்கென்று கட்டிய வீட்டில் மருமகன் வந்து குடியிருக்க வேண்டும். குடியிருக்க வேண்டும், விருந்தாளி போல வந்து போகக்கூடாது.

“இஞ்ச பாரு தம்பி.” முபீன் தன் போனை நீட்டினான். “ரெண்டு நாட்டிட மொத்தத் தேசிய வருமானமும் ஆளுக்குப் பங்கு போட்டு வரைஞ்சிரிக்கி. அறுபதாம் ஆண்டுப் பக்கம் ரெண்டு கோடும் ஒரே பாயில படுத்துக் கிடக்கு. பொறகு பாரு, கொரியாட கோடு தென்ன மரத்துல ஏறிட்டு, இப்ப நம்மட போல ஒம்பது மடங்கு. நம்மட கோடு பூசணிக் கொடி மாதிரித் தரையோட போகுது.”

“பூசணியும் காய்க்கும்தானே மாமா?”

உள்ளே ஸம்றா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

“பகிடிய உடு. உன்ட உம்மா வாப்பா என்ன சொல்றாங்க?”

“உம்மா அழுதா. வாப்பா ஒரு கிழமை என்னோட கதைக்கல்ல.” இப்றாஹிம் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். “மாமா, வாப்பாட சம்பளம் கூடிக்கொண்டுதான் போன. கூடக் கூட, அவர் ஊட்டுக்கு வாறது கொறைஞ்சி போன. வாசல்ல கிடக்கிற சப்பாத்தப் பாத்துத்தான் வாப்பா வந்திரிக்காருண்டு எனக்குத் தெரியும். என்ட புள்ளைக்கு என்ட மூஞ்சி தெரியோணும் மாமா.”

முபீன் மறுபடியும் போனை நீட்டினான்.

“முபீன், போன மூடு,” என்றார் கச்சிமுகம்மது.

“இல்ல மச்சான், ஒம்பது...”

“மூடுண்டு சொல்றன்! நானும் மரத்துல ஏறிப் பாத்தவன்தான். மேல போனா, கீழ நிக்கிற புள்ள தெரியாது.” அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “மகள், நீ என்ன சொல்றாய்?”

“மாமா கோட்டப் பாத்து முடிஞ்சிட்டாரெண்டா, கலியாணக் காவினுக்கு நாள் பாக்கச் சொல்லுங்க வாப்பா!”

முபீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கச்சிமுகம்மது மருமகனின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டு, கொரியாவில் இருக்கும் மகனுக்கு போன் எடுத்தார்.

“டேய் றிபாஸ்! நீ அங்கரிந்து அனுப்பின டீவி, துணி கழுவுற மெசின் எல்லாத்தையும் விட இதுதான்டா நல்ல கொரியன் சாமான்! ஓடிப்போய் மாப்புளட உம்மா வாப்பாக்கிட்ட அவங்கட பாசையில சொல்லு, கொரியாக்காரனாப் பொறந்து, உங்களோட இரிந்து நம்மட தமிழும் தொழுகையும் பழகின அவங்கட புள்ள இனி நிந்தவூர்க்காரன்!”