அணில் சொல்ல வந்தது

ஓரிடத்தில் உட்கார முடியாத குட்டிகளை எப்படிக் கண்டறிவது, என்ன மருந்து தருவது என்று கொக்கு வைத்தியர் விதிகள் வகுத்திருந்தார். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் குளக்கரையில் வரிசையாக, அசையாமல் காத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்.

ஒரு தாய் அணிலும் வந்தது. புதைத்த கொட்டையை மறந்துவிட்டு, எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பொறுப்பில்லாதவள் என்று பேர் வாங்கிய அணில் அது. வரிசையில் நிற்கும்போது எங்கோ ஒரு பழம் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இடம் போயிருந்தது. மறுபடி கடைசியில் நின்றது. ஒரு தும்பி பறந்தது. அதன் பின்னாலும் ஓடியது.

ஆமைதான் நிதானமாக நின்று பேசியது. "வளர்ந்தால் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களுக்கு மருந்து எதற்கு?"

எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். அணில் அழுதுகொண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

கொக்கு அதைப் பார்த்துவிட்டு, "நீ ஏனம்மா பேசவில்லை?" என்று கேட்டார்.

"என்னால் நிற்க முடியவில்லை, ஐயா."

கொக்குக்குச் சுருக்கென்றது. "சரி, ஓடிக்கொண்டே சொல். நான் கூடவே வருகிறேன்" என்று சிறகை விரித்தார்.

"நான் வளர்ந்துவிட்டேன், ஐயா" என்றது அணில், கிளைக்குக் கிளை தாவியபடி. "எனக்கு இன்னும் சரியாகவில்லை."