ஒரு மூச்சு நேரம்

மகள் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

திண்டுக்கல் புறவழிச்சாலையில் வண்டியை ஓரங்கட்டியிருந்தார். பக்கத்து இருக்கையில் கம்பெனியின் நான்கு செல்போன்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு கிடந்தன. ஓடுகிற வண்டியில் ஒரு அழைப்பு ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு அறுபடாமல் மாறுகிறதா என்று பார்ப்பது அவர் தொழில். தலை நரைத்ததே அதில்தான்.

மேகலாவைக் கட்டிக்கொடுத்த வீடு பல்லடத்தில். வீட்டுக்குள் டவர் எட்டாது. வைஃபையில்தான் பேச வேண்டும். அதுவும் ஸ்பீக்கரில் போட்டுத்தான். மாப்பிள்ளையின் சட்டம் அது.

பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் வைஃபை விட்டுப்போகும். தெரு டவர் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு மூச்சு நேரம் குரல் இருக்காது.

அந்த மூச்சுக்கு முன்னால் பேசுகிறவள் ஒருத்தி. நல்லா இருக்கேன்ப்பா. ஒரு குறையுமில்லப்பா.

பின்னால் பேசுகிறவள் வேறு. பால் வாங்கப் போகிற சாக்கில் தெருமுனை வரைக்கும் அழுவாள்.

இப்படி என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. பெற்றவருக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் தெருவிலிருந்துதான் சொன்னாள். "இந்தத் தடவ கழுத்தப் புடிச்சுட்டாருப்பா. என்னக் கூட்டிட்டுப் போயிருங்க."

ஞாயிற்றுக்கிழமை போனார். கூட்டிவரத்தான் போனார்.

மாப்பிள்ளை வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனான். மிக்சர், காப்பி. சம்பந்தியம்மாள் விசிறாத குறை. தொண்டை வரைக்கும் வந்த பேச்சைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினார். அத்தனை உயர டவரிலெல்லாம் ஏறி இறங்கிய மனிதருக்கு ஒரு சோபாவிலிருந்து எழுந்து நின்று கேட்கத் துணிச்சல் இல்லை. கோழை என்றால் கோழைதான்.

"கேட்டத் தாண்டுனா போன் கால் கட்டாவுதுங்க மாமா. உங்க தொழில்தானுங்களே, பாத்துக் குடுங்க," என்றான் மாப்பிள்ளை.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. பேச்சிலிருந்து தப்பிக்க ஒரு வேலை.

வண்டியில் கிடந்த வைஃபை பெட்டி ஒன்றை முன் ஜன்னலுக்கு மேல் பொருத்தினார். இனி வைஃபை தெரு வரைக்கும் நீளும். டவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் விடும். தொழிலில் ஒரே விதிதான்: அடுத்தது பிடித்ததா என்று தெரியாமல் கையில் இருப்பதை விடக்கூடாது. போனுக்கு அதைப் பார்த்தவர் பெண்ணுக்குப் பார்க்கவில்லை.

மேகலா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போதும்ப்பா. எறங்குங்கப்பா."

இரண்டு தடவை சொன்னாள். அப்பா விழுந்துவிடுவார் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டார். பாழாய்ப்போன மூளை.

இப்போது, இந்தச் சாலையோரத்தில், அந்த மூச்சு நேரத்துக்காகத்தான் காத்திருந்தார். இடைவெளியைத் தன் கையாலேயே அடைத்துவிட்டோம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

மறுமுனையில் கேட் திறந்தது. காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தக்காளி, வெங்காயம் என்று கத்தியது.

தெருவுக்கு வந்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும். நாள் கணக்காகத் தூங்காமல் சேர்த்த தைரியம். இப்போது விட்டால் போய்விடும்.

"மேகலா, நாளைக்குக் காலைல அவன் வேலைக்குக் கெளம்புனதும் வந்துர்றேன். துணிமணிகூட வேணாம். நீ மட்டும் வா. யாருகிட்டயும் மூச்சு விடாத."

"சாப்டீங்களாப்பா?"

"கேளும்மா. இன்னொரு வாட்டி ஒன்ன அவன் கையில விட்டுட்டு நா—"

"சாப்டீங்களாப்பா?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

கேட்டைத் திறந்தது அவள் இல்லை. யாரோ உள்ளே வரத் திறந்தது. அவள் இன்னும் வீட்டுக்குள், ஸ்பீக்கரில்.

ஒரு பிசிறில்லாமல் அடுத்த குரல் வந்தது.

"நல்லாத் தெளிவாக் கேக்குதுங்க மாமா."

ஜன்னல் சாத்தப்பட்டது. காய்கறிக்காரனின் குரல் மங்கியது. வாசல் கதவில் தாழ் விழுந்தது. எல்லாம் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் கேட்டது.

"மாப்ள," என்றார். "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. நாந்தான் ஏதோ ஒளறிட்டேன். அவ மேல ஒரு தப்புமில்ல. மாப்ள..."

அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை.

வண்டியைக் கிளப்பினார். கம்பெனி போன் ஒன்றில் போலீசுக்கு விலாசம் சொன்னார். சொல்லும்போது அழுதார். மகளின் அழைப்பை மட்டும் வைக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

பல்லடம் வரைக்கும் எங்கெங்கே குரல் அறும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு கையால் போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். விட்டுடாதே, தாயே. விட்டுடாதே.

ஒட்டன்சத்திரம் தாண்டியது.

"மேகலா," என்றார். "அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்மா."

எங்கும் அறுபடவில்லை. அந்த வீட்டின் மின்விசிறி சுற்றுவது மட்டும் வழி முழுக்கத் தெளிவாகக் கேட்டது.