கரடிக்குக் கேட்கட்டும்

“அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நடக்க மாட்டியா ரஸ்ஸல்?” என்றாள் மேவிஸ்.

“இது கரடி நடமாடுற காடு. ஆள் வர்றது அதுக்குக் கேக்கணும், பேசிக்கிட்டே நடன்னு உங்கப்பாதானே சொன்னாரு?”

“என்னை ஒரு வார்த்தை கேக்காம உன் அக்காவைக் குளிர்காலம் முழுக்க நம்ம வீட்டுல தங்கச் சொல்லிட்டே. இனிமே உன்கிட்ட எனக்கென்ன பேச்சு? முன்னால போ.” பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துவிட்டாள்.

ரஸ்ஸல் நடந்தான். கனடாவின் யூக்கான் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. சற்று நேரத்தில் பின்னால் சருகு மிதிபட்டது. வந்துவிட்டாள்.

“இன்னும் கோவமா?”

ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது.

“சரி, என் தப்புதான். அக்காவை வரவேணாம்னு சொல்லிடறேன். போதுமா?”

முதுகுப்பை லேசாக இழுபட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. பசி வந்தால் இவள் வீம்பெல்லாம் பறந்துவிடும்.

“சால்மன் மீன் வச்ச ரொட்டி மேலயேதான் இருக்கு. எனக்கும் ஒண்ணு மிச்சம் வை, தாயே.”

வளைவில் திரும்பியவன் அப்படியே நின்றான். குறுக்குவழியில் ஏறி வந்திருந்த மேவிஸ், எதிரே பாறையோரம் வெளிறிப்போய் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த மிளகாய் ஸ்பிரே அவன் தோளுக்குப் பின்னால் குறிபார்த்திருந்தது.

முதுகுப்பை மறுபடியும் இழுபட்டது.

“ரஸ்ஸல்,” என்றாள் அவள், மூச்சே இல்லாத குரலில். “திரும்பிப் பாக்காத. வாயை மட்டும் மூடிடாத. பேசிக்கிட்டே வா.”