அசையாமல் நின்றவர்

கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்பவள் அவள். பத்து நிமிடம் லென்ஸைத் திறந்தே வைப்பாள். தெருவில் நடமாடுகிற அத்தனை பேரும் படத்தில் விழாமல் கரைந்துபோவார்கள், கட்டடம் மட்டும் மிஞ்சும். லென்ஸில் வெயில் அடிக்காமல் பக்கத்தில் நின்று குடை பிடிப்பது கணவரின் வேலை.

அன்று இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தட்டில் மிதந்த தாளில் பழைய நீதிமன்றம் மெல்ல எழுந்து வந்தது. வெறிச்சோடிய படிக்கட்டு. அதில் ஒரே ஒருவர், கையில் இரண்டு டீயோடு, அச்சு அசலாக.

“ஏங்க, ஓடி வாங்க! நீங்கதான்! இப்படியொரு படம் எனக்கு விழுந்ததே இல்ல!” அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “பத்து நிமிஷம் எப்படிங்க ஆடாம அசையாம நின்னீங்க?”

அவர் படத்தையே பார்த்தார்.

“நீ லென்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடியே குடையைக் கீழ வச்சுட்டு எதிர்ப்பக்கப் படிக்கட்டுல டீ வாங்கப் போனேன். திரும்பினா, உன் பக்கத்துல ஒருத்தன் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். என் சட்டை, என் வழுக்கை. அப்புறம் கால் எப்படி நகரும்?”

கேமராமேல் விழுந்த குடை நிழல் கடைசிவரை விலகவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில், “கை வலிக்குதாங்க?” என்று திரும்பாமலே கேட்டிருந்தாள்.

“இல்லம்மா, நீ எடு” என்று காதோரம் பதில் வந்திருந்தது, அவர் குரலிலேயே.