ஞாயிறுதோறும் வேலைநிறுத்தம்

முதல் அடி தோளில் விழுந்ததா, முதுகில் விழுந்ததா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஆனால் சனம் கைதட்டியது. அதில் சந்தேகமில்லை.

கிழவர் ரயில் மேடையில் மண்டியிட்டார். டினோஜன் மறுபடி பொல்லை ஓங்கினான்.

நோவா ஸ்கோஷியாவில் மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் ரயிலையும் தண்டவாளத்தையும் பெயர்த்து வந்து, மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் திரும்பப் போட்டிருந்தார்கள். கோடையில் ஞாயிறுதோறும் அது ஓடும். ஓடுமுன், அந்தச் சுரங்கத்தின் பழைய வேலைநிறுத்தத்தை நடித்துக் காட்டுவார்கள். கம்பனிக் காவலாட்கள் தொழிலாளரை அடிப்பார்கள், எஞ்சின் ஊதும், அடி நிற்கும். பொல்லுகள் ரப்பர், மரம்போல நிறம் பூசியவை.

டினோஜன் ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடையில் நிற்பவன். இங்கே அவனுக்குக் காவலாள் வேடம். அவனிடம் அடி வாங்கும் தொழிலாளி, கிழவர் ஞானேந்திரன். உடுப்பும் பொல்லும் எடுத்துக் கொடுக்கிற பொறுப்பும் அவருடையதே.

முதல் ஒத்திகையன்று களைத்துப்போய் உட்கார்ந்திருந்தவனிடம் அவர் குனிந்து கேட்டார்.

“தண்ணி வேணுமோ, தம்பி?”

டினோஜன் அந்தக் குரலை அடையாளம் கண்டான். மன்னார்க் காட்டு முகாமில், அவனைக் கண்ணைக் கட்டி அடைத்து வைத்திருந்த நாட்களில், ஒவ்வொரு அடிக்கும் முன் இதே குரல் இதே பரிவோடு கேட்கும். அவனுடைய தமையன் ஜோன்சன் அங்கேதான் செத்தான். பிணத்தைக் கொடுத்தபோது இரண்டு கைகளும் தலையை மூடியபடியே விறைத்திருந்தன.

மனைவி சஜிதாவிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் ரப்பர் பொல்லால் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

“என்ன தம்பி, சந்தையில தக்காளி தடவுற மாதிரி அடிக்கிறீர்? சனம் நம்ப வேண்டாமோ?” என்பார் ஞானேந்திரன்.

“பேந்து பாப்பம், அண்ணை, அடுத்த ஞாயிறு.”

எஞ்சின் ஓட்டும் ஜென்சி மேலிருந்து சிரிப்பாள். “கவனம் அண்ணை. ஆள் பழகிட்டாரெண்டால் உங்களுக்குத்தான் கஷ்டம்.”

சனம் கைதட்டிய அந்த ஞாயிறன்று, பொல்லைக் கையில் வாங்கியதுமே பாரம் தெரிந்தது. ரப்பர் இல்லை, மரம்; காட்சிப் பெட்டியில் இருந்த, சுரங்கத் தொழிலாளரின் அசல் பிக்காசுப் பிடி. கிழவருக்குக் கண் மங்கிவிட்டது, மாறித் தந்துவிட்டார் என்று நினைத்தான். கடவுளே மாற்றிவிட்டார் என்றும் நினைத்தான். வாய் திறக்கவில்லை.

இரண்டாவது அடியில் கை எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அதற்கடுத்ததில் வாயிலிருந்து ரத்தம் வந்தது. முன்னால் நின்ற பிள்ளைகள் “பிராவோ” என்று கத்தினார்கள்.

டினோஜன் குனிந்து அவர் காதுக்குள் சொன்னான். “நான் ஜோன்சன்ர தம்பி.”

கிழவரின் உதடு அசைந்தது. அந்நேரம் எஞ்சின் ஊதியதில் ஒன்றும் கேட்கவில்லை.

ஊதினால் நிறுத்த வேண்டும். அவன் நிறுத்தவில்லை. விலாவில் அடித்தான். அடித்த இடத்திலேயே திரும்ப அடித்தான். பிறகு தலைக்கு ஓங்கினான்.

ஞானேந்திரன் தலையை மூடவில்லை. முறியாத கையால் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அப்படியே இருந்தார்.

ஓங்கிய கை இறங்க மறுத்தது. பொல்லு நழுவிச் சீமெந்தில் விழுந்து உருண்டது. மரத்தின் சத்தம் கேட்ட பிறகுதான் கைதட்டல் நின்றது.

ஞானேந்திரன் பிழைத்துக்கொண்டார், வலது கை மட்டும் திரும்ப உயரவில்லை. பொல்லு மாறியது தன் பிழை என்று பொலிசிடம் அவரே சொன்னதால் வழக்கு வரவில்லை. நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். ரயிலை ஜென்சி இப்போதும் ஓட்டுகிறாள். டினோஜன் சந்தையில் தக்காளி அடுக்குகிறான்.

ஒரேயொரு தடவை அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே நின்றான். ஞானேந்திரன், தாதி வெளியே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

“நீர் ஆரெண்டு தெரிஞ்சுதானே அந்தப் பொல்லை உம்மட கையில தந்தனான். ஏன் பாதியில விட்டனீர்?”